நிலமும் பொழுதும்: இருபது ஓவர் உலகக் கோப்பையின் வரலாறும் திருவள்ளூர் வட்டாரமும்

முன்னுரை

விளையாட்டு மக்கள் வாழ்க்கையினின்று பிரித்து எண்ணத்தக்கதன்று. ஏறுதழுவுதல், வண்டலயர்தல், ஓரையாடுதல், வட்டாடுதல் முதலியன பழந்தமிழ் நூல்களில் இடம்பெற்றுள்ளமையை நாம் அறிவோம். அவற்றை ஆராயப் புகுவோர், ஆடியவர் யாவர், எந்நிலத்தில் ஆடினர், எப்பொழுதில் ஆடினர் என்னும் வினாக்களை முதற்கண் எழுப்புவர். அவ்வினாக்களையே நம் காலத்து விளையாட்டு ஒன்றன்மீது எழுப்பிப் பார்த்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈண்டு நாம் எடுத்துக்கொண்டது இருபது ஓவர் கிரிக்கெட்டு உலகக் கோப்பைத் தொடர். தொல்காப்பியர் அகத்திணையியலில் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தார். அவ்வகுப்பு பாட்டிற்கு உரியது; எனினும், ஒரு விளையாட்டு எங்கே, எந்நேரத்தில் நிகழ்கிறது என்பதைத் தெளிவுறக் காண்பதற்கும் அது நல்லதோர் அளவுகோலாக அமைகின்றது. இத்தொடரின் வரலாறு பொழுது சுருங்கிய வரலாறு என்பதும், அச்சுருக்கத்தால் உழைக்கும் மக்களின் மாலைப்பொழுதிற்குள் ஆட்டம் வந்து சேர்ந்தது என்பதும், ஆயினும் அம்மக்கள் வாழும் நிலத்திற்கு அது வந்து சேரவில்லை என்பதும் நாம் நிறுவ விழையும் கருத்துகள். இதற்குச் சான்றாகத் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியைக் கொள்கிறோம்.

வரையறையற்ற பொழுது

கிரிக்கெட்டு தொடக்கத்தில் பொழுதைப் பொருட்படுத்தாத ஆட்டமாகவே இருந்தது. 1939ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தர்பன் நகரில் தென்னாப்பிரிக்காவும் இங்கிலாந்தும் ஆடிய டெஸ்டுப் போட்டி இதற்குத் தக்க சான்று. முடிவு காணும்வரை ஆடுவது என்னும் ஏற்பாட்டுடன் தொடங்கிய அது, மார்ச்சு 3 முதல் 14 வரை நீண்டது. வெற்றிக்கு 696 ஓட்டங்கள் வேண்டியிருந்த இங்கிலாந்து 654 ஓட்டங்களை எடுத்திருந்தது. அந்நிலையில் தாயகம் திரும்பும் கப்பலுக்குக் காலமாகிவிட்டமையால் ஆட்டம் முடிவின்றிக் கைவிடப்பட்டது. எல்லையற்ற பொழுதிற்கும் கப்பல் ஒன்று எல்லை வகுத்தது.

சென்னையில் இவ்வாட்டம் வேரூன்றிய காலமும் நெடும்பொழுதின் காலமே. சென்னைக் கிரிக்கெட்டுக் கழகம் 1846இல் தோன்றியது. சேப்பாக்கத்தில் முதல் டெஸ்டுப் போட்டி 1934 பிப்ரவரியில் இங்கிலாந்துடன் நடைபெற்றது. அவ்வாண்டு நவம்பர் 4ஆம் நாள் அதே திடலில் சென்னையும் மைசூரும் ஆடிய போட்டி இரஞ்சிக் கோப்பையின் முதற்போட்டியாகும். பல நாள்களுக்கு வகுக்கப்பட்ட அவ்வாட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. மைசூரின் இரு முறை ஆட்டங்களும் முறையே 48, 59 ஓட்டங்களில் அடங்கின. அன்று பொழுதைச் சுருக்கியது பந்துவீச்சின் வலிமை. விதியே பொழுதைச் சுருக்குங்காலம் பின்னரே வந்தது.

நெடும்பொழுது ஆட்டத்தைக் காண்பதற்கு ஐந்து நாள் ஓய்வு வேண்டும். அது மாணவர்க்கும் செல்வர்க்கும் விடுப்புப் பெறத்தக்க அலுவலர்க்கும் இயலும். நாட்கூலி பெறுவார்க்கும் ஆலைத் தொழிலாளர்க்கும் வானொலியின் நேர்முக வருணனையே வாயிலாக இருந்தது. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் முதலியோரின் தமிழ் வருணனை, திடலுக்குச் செல்ல இயலாதார் செவிக்குத் திடலையே கொணர்ந்தது. காட்சி செவிவழிச் செல்வதற்கு ஏற்ற தமிழ்நடையை அவ்வருணனையாளர் உருவாக்கினர் என்பது மொழி வரலாற்றில் குறிக்கத்தக்கது.

பொழுது சுருங்கியமை

ஓவர் எண்ணிக்கையை வரையறுத்து ஒரே நாளில் ஆட்டத்தை முடிக்கும் முறையை இங்கிலாந்து மாவட்ட அணிகள் 1963இல் பெருந்தொடராகத் தொடங்கின. முதலாண்டில் அணிக்கு 65 ஓவர்கள். மறு ஆண்டில் 60. 1969இல் ஞாயிறு பிற்பகலுக்கென 40 ஓவர்த் தொடர் எழுந்தது. பணி ஓய்ந்த நாளின் பிற்பகலை நோக்கி ஆட்டம் நகர்ந்தமையை இங்கே காண்கிறோம்.

நாடுகளுக்கிடையிலான முதல் ஒருநாள் ஆட்டம் 1971 சனவரி 5ஆம் நாள் மெல்போர்னில் நிகழ்ந்தது. மழையால் டெஸ்டுப் போட்டி ஒன்று கைவிடப்பட்டமையின் அதற்கு ஈடாக இஃது ஏற்பாடாயிற்று. எட்டுப் பந்துகள் கொண்ட 40 ஓவர்கள் வகுக்கப்பட்டன. திட்டமிட்டுப் பிறந்ததன்று, தற்செயலாய்ப் பிறந்தது. ஆயினும் திரண்டு வந்த கூட்டம் இம்முறைக்கு எதிர்காலம் உண்டு என்பதை உணர்த்திற்று.

உலகக் கோப்பை என்னும் அமைப்பை முதலில் கண்டவர் மகளிரே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. மகளிர் உலகக் கோப்பை 1973இல் இங்கிலாந்தில் நடைபெற்றது. ஆடவர் உலகக் கோப்பை ஈராண்டு கழித்து 1975 சூன் 7இல் தொடங்கியது. அதில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர் சென்னையைச் சார்ந்த எஸ். வெங்கட்ராகவன். 1979ஆம் ஆண்டுத் தொடரிலும் அவரே தலைவர். 1975இன் முதல் நாளில் இங்கிலாந்து 60 ஓவரில் 334 ஓட்டங்கள் குவித்தது. இந்தியா 60 ஓவரும் ஆடி 132 ஓட்டங்களே எடுத்தது. கவாஸ்கர் 174 பந்துகளை எதிர்கொண்டு 36 ஓட்டங்களுடன் ஆட்டமிழவாதிருந்தார். நெடும்பொழுதில் பழகிய மனம் குறும்பொழுதில் புகுந்தபோது நேர்ந்த தடுமாற்றம் இது. எட்டே ஆண்டுகளில் நிலை மாறிற்று. 1983 சூன் 25இல் இந்தியா கோப்பையை வென்ற இறுதியாட்டத்தில் இரு அணிகளிலும் மிகுந்த ஓட்டம் எடுத்தவர் சென்னையைச் சார்ந்த கே. ஸ்ரீகாந்த். அவர் எடுத்தவை 38.

1987இல் உலகக் கோப்பை இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் வந்தபோது 60 ஓவர் 50 ஆகக் குறைக்கப்பட்டது. இங்கிலாந்தின் கோடைப்பகல் நீண்டது; நம் நாட்டு அக்டோபர்ப் பகல் குறுகியது. ஆகவே நிலம் மாறியபோது பொழுதும் மாறிற்று. நிலமும் பொழுதும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. அத்தொடரில் அக்டோபர் 9ஆம் நாள் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியா இந்தியாவை ஒரே ஓட்டத்தில் வென்றது. 271 ஓட்டங்கள் வேண்டியிருக்க, இந்தியா 269இல் ஆட்டமிழந்தது. டீன் ஜோன்ஸ் அடித்த பந்து ஒன்று நான்கு ஓட்டமாக முதலில் குறிக்கப்பட்டு, இடைவேளையில் ஆறாகத் திருத்தப்பட்டது. இந்திய அணித்தலைவர் கபில்தேவ் அதற்கு இசைந்தார். வெற்றி தோல்வியை அவ்விரண்டு ஓட்டங்களே முடிவு செய்தன.

மின்விளக்கொளி அடுத்த மாற்றத்தை விளைத்தது. 1992ஆம் ஆண்டுத் தொடரில் இரவாட்டங்கள் இடம்பெற்றன. 1996 மார்ச்சு 11இல் சேப்பாக்கத்தில் நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதிய காலிறுதி மின்னொளியில் நிறைவுற்றது. பகலுக்குரிய ஆட்டம் மாலைக்கும் யாமத்திற்கும் உரியதாயிற்று.

இருபது ஓவரின் பிறப்பு

மாலைப்பொழுது கிடைத்தபின் அதற்கு அளவாக ஆட்டத்தை வெட்டியெடுத்தலே எஞ்சி நின்றது. இங்கிலாந்தில் மாவட்டப் போட்டிகளைக் காண வருவோர் தொகை குறைந்து வந்தது. அந்நாட்டுக் கிரிக்கெட்டு வாரியத்தில் சந்தைப்படுத்தல் பொறுப்பிலிருந்த ஸ்டூவர்ட் ராபர்ட்சன், பணி முடித்து வருவோர் காணத்தக்க மூன்று மணி நேர ஆட்டம் வேண்டுமென முன்மொழிந்தார். மாவட்டத் தலைவர்கள் 11 பேர் ஆதரித்தும் 7 பேர் எதிர்த்தும் வாக்களித்தனர். 2003 சூன் 13ஆம் நாள் முதல் ஆட்டங்கள் நடைபெற்றன. ஆகவே இருபது ஓவர் என்னும் அளவு, உழைப்போரின் ஒழிவு நேரத்தை அளந்து வகுத்த அளவு என்க.

நாடுகளுக்கிடையே இம்முறையை முதலில் ஆடியவரும் மகளிரே. 2004 ஆகஸ்டு 5இல் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் ஹோவ் நகரில் ஆடின. ஆடவர் ஆட்டம் 2005 பிப்ரவரி 17இல் ஆக்லாந்தில் நிகழ்ந்தது. இந்தியாவின் முதல் இருபது ஓவர் ஆட்டம் 2006 திசம்பர் 1இல் ஜோகன்னஸ்பர்க்கில் தென்னாப்பிரிக்காவுடன் நடந்தது. இந்தியா வென்ற அவ்வாட்டத்தில் 31 ஓட்டங்களுடன் ஆட்டமிழவாது நின்று ஆட்டநாயகன் விருது பெற்றவர் சென்னையைச் சார்ந்த தினேஷ் கார்த்திக்.

2007 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவில் முதல் உலகத் தொடர் கூடியபோது இந்தியாவின் முன்பயிற்சி அவ்வோர் ஆட்டமே. பன்னிரண்டு அணிகள் பங்குகொண்டன. தொடக்க நாளில் கிறிஸ் கெயில் 117 ஓட்டங்கள் எடுத்தார். செப்டம்பர் 14இல் இந்தியாவும் பாகிஸ்தானும் சமன் செய்தமையின், குச்சிகளை நோக்கிப் பந்தெறியும் முறையால் 3-0 என இந்தியா வென்றது. செப்டம்பர் 19இல் யுவராஜ் சிங் ஒரே ஓவரில் ஆறு சிக்சர்கள் அடித்தார். செப்டம்பர் 24இல் இறுதியாட்டம்: இந்தியா 157, பாகிஸ்தான் 152. ஐந்து ஓட்ட வேறுபாட்டில் கோப்பை இந்தியாவுக்கு வந்தது. அதுவரை இக்குறும்பொழுது ஆட்டத்தை ஐயத்துடன் நோக்கிய இந்தியா, மறு ஆண்டிலேயே ஐ.பி.எல். தொடரைத் தொடங்கிற்று.

தொடர்ந்த தொடர்கள்

2009இல் இங்கிலாந்தில் பாகிஸ்தானும், 2010இல் மேற்கிந்தியத் தீவுகளில் இங்கிலாந்தும், 2012இல் இலங்கையில் மேற்கிந்தியத் தீவுகளும், 2014இல் வங்காளதேசத்தில் இலங்கையும், 2016இல் இந்தியாவில் மீண்டும் மேற்கிந்தியத் தீவுகளும் வென்றன. கொள்ளைநோயின் காரணமாக அடுத்த தொடர் தள்ளிப்போயிற்று. இந்தியாவில் நடைபெறவிருந்த 2021ஆம் ஆண்டுத் தொடர் ஐக்கிய அரபு நாடுகளுக்கும் ஓமனுக்கும் பெயர்ந்தது. அதில் ஆஸ்திரேலியா வென்றது. 2022இல் ஆஸ்திரேலியாவில் இங்கிலாந்தும், 2024இல் மேற்கிந்தியத் தீவுகளும் அமெரிக்காவும் இணைந்து நடத்திய தொடரில் இந்தியாவும் வாகை சூடின. 2024 சூன் 29இல் பிரிட்ஜ்டவுனில் இந்தியா தென்னாப்பிரிக்காவை ஏழு ஓட்டங்களில் வென்றது.

அணிகளின் தொகையும் பெருகியது. 2007 முதல் 2012 வரை 12, 2014 முதல் 2022 வரை 16, 2024இல் 20. ஐம்பது ஓவர் உலகக் கோப்பை 2019, 2023 ஆகிய ஆண்டுகளில் பத்து அணிகளாகக் குறுகி நின்றபோது, இருபது ஓவர்த் தொடர் விரிந்தது. 2009இல் தொடக்க ஆட்டத்திலேயே நெதர்லாந்து இங்கிலாந்தை லார்ட்ஸ் திடலில் வென்றதும், 2024இல் அமெரிக்கா பாகிஸ்தானை வென்றதும் இவ்விரிவின் பயன்கள். பொழுது சுருங்கச் சுருங்க எளிய அணிக்கும் வெற்றி வாய்ப்புக் கூடுகின்றது. ஐந்து நாள் ஆட்டத்தில் வலியோர் தம் தவற்றைத் திருத்திக்கொள்ள நேரம் உண்டு. மூன்று மணி நேரத்தில் அது அரிது.

மகளிர் தொடர் 2009இல் ஆடவர் தொடருடன் ஒரே காலத்தில் தொடங்கி, 2018 முதல் தனியே நடைபெறுகின்றது. 2020 மார்ச்சு 8இல் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவும் இந்தியாவும் ஆடிய இறுதியாட்டத்தை 86,174 பேர் கண்டனர். 2018ஆம் ஆண்டு இந்திய மகளிர் அணியில் சென்னையைச் சார்ந்த த. ஹேமலதா இடம்பெற்றிருந்தார்.

ஆடவர் தொடர்களிலும் தமிழ்நாட்டார் பங்கு சிறிதன்று. 2014ஆம் ஆண்டுத் தொடரில் இரவிச்சந்திரன் அசுவின் 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 2022 அக்டோபர் 23இல் மெல்போர்னில் பாகிஸ்தானுடன் ஆடிய ஆட்டத்தின் கடைசி ஓவரில் தினேஷ் கார்த்திக் ஆட்டமிழக்க, அடுத்து வந்த அசுவின் அகலப்பந்து ஒன்றை ஆடாது விடுத்து, இறுதிப்பந்தை ஆட்காப்பு வளையத்தின் மேலே தூக்கியடித்து வெற்றி ஓட்டத்தை எடுத்தார். ஒரு பந்தை ஆடாமல் விடுதலும் ஆட்டமே என்பதை நெடும்பொழுது ஆட்டத்தில் பயின்றவர் குறும்பொழுதில் காட்டிய தருணம் அது.

எனினும் தமிழ்நிலம் இத்தொடரைக் கண்டது குறைவே. 2016இல் இந்தியா தொடரை நடத்தியபோது சேப்பாக்கத்தின் மூன்று பார்வையாளர் மாடங்கள் பூட்டிக்கிடந்தன. ஆடவர் ஆட்டம் ஒன்றும் சென்னைக்கு வரவில்லை. மகளிர் ஆட்டங்களே வந்தன. மார்ச்சு 16இல் மேற்கிந்திய மகளிர் பாகிஸ்தான் மகளிரை நான்கு ஓட்டங்களில் வென்றது சேப்பாக்கத்திலேயே. அவ்வணியே பின்னர்க் கொல்கத்தாவில் கோப்பையையும் வென்றது. ஆடவர் ஆட்டம் வரவில்லையே என வருந்தியோர் பலர். உலகக் கோப்பையை வெல்லவிருந்த அணி தம் நகரில் ஆடியதை எண்ணி மகிழ்ந்தோர் சிலரே. 2026ஆம் ஆண்டில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய தொடருக்கு அறிவிக்கப்பட்ட அரங்குகளுள் சேப்பாக்கமும் ஒன்றாயிற்று.

யாருடைய மாலை?

இனிப் பொழுதைப் பற்றிய ஒரு நுட்பத்தை நோக்குவோம். 2024ஆம் ஆண்டில் நியூயார்க்கில் இந்தியா ஆடிய ஆட்டங்கள் அந்நகர நேரப்படி காலை 10.30க்குத் தொடங்கின. பணிநாளின் காலைப்பொழுது ஆட்டம் காண்பதற்கு ஏற்றதன்று. ஆயினும் அந்நேரம் இந்தியாவில் இரவு 8 மணி. ஆட்டம் நடந்த நிலம் அமெரிக்கா. அதன் பொழுது இந்தியாவுடையது. பிரிட்ஜ்டவுன் இறுதியாட்டமும் அவ்வாறே அந்நிலத்துக் காலையில், நம் இரவு 8 மணிக்குத் தொடங்கிற்று. தொலைக்காட்சி வருவாயில் இந்தியப் பார்வையாளர்க்குள்ள இடமே இதற்குக் காரணம். நியூயார்க்குக்கு அருகில் 34,000 பேர் அமரும் அரங்கு ஒன்று சில திங்களில் எழுப்பப்பட்டு, எட்டு ஆட்டங்கள் முடிந்தபின் பிரித்தெடுக்கப்பட்டது. பொழுது நிலைபெற்று, நிலம் பெயர்த்தெடுக்கப்படும் பொருளாயிற்று.

அவ்விந்திய மாலை எவருடையது? இங்கே நாம் திருவள்ளூர் வட்டாரத்திற்கு வருகிறோம். திருவள்ளூர் மாவட்டம் 1997இல் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தினின்று பிரிந்து அமைந்தது. சென்னையின் வடக்கே கல்கத்தா நெடுஞ்சாலையும் கூடூர் இருப்புப்பாதையும் செல்லும் வழியில், ஆந்திர எல்லையை ஒட்டிக் கும்மிடிப்பூண்டி உள்ளது. அங்குச் சிப்காட் தொழில்வளாகமும், அதற்கு மேற்கே தேர்வாய்க் கண்டிகை வளாகமும், திருவள்ளூரை அடுத்துக் காக்களூர்த் தொழிற்பேட்டையும் உள்ளன. உள்ளூராரோடு ஆந்திரம், ஒடிசா, பீகார் முதலிய நிலங்களிலிருந்து வந்தோரும் இவ்வாலைகளில் உழைக்கின்றனர்.

ஆலைப்பணி பெரும்பாலும் மூன்று ஷிப்டுகளாக நடைபெறும். காலை 6 முதல் 2 வரை, 2 முதல் இரவு 10 வரை, 10 முதல் காலை 6 வரை என்பது பரவலான வழக்கு. இரவு 8 மணிக்குத் தொடங்கும் இருபது ஓவர் ஆட்டம் ஏறத்தாழ 11.30க்கு முடியும். முதல் ஷிப்டு முடித்தவர் அதனை முழுதும் காணலாம்; எனினும் மறுநாள் விடியற்கு முன்னரே எழுதல் வேண்டும். இரண்டாம் ஷிப்டில் உள்ளவர் பிற்பாதியில் ஒரு பகுதியையே காண்பர். இரவு ஷிப்டிற்குச் செல்பவர் முற்பாதியைக் கண்டு, முடிவு அறியாமல் ஆலைக்குள் புகுவர். 2022இன் மெல்போர்ன் ஆட்டம் நம் நாட்டில் ஞாயிறு பிற்பகல் 1.30க்குத் தொடங்கியது. ஞாயிறன்றும் இயங்கும் ஆலையில் இரண்டாம் ஷிப்டு உடையவர்க்கு அசுவினின் இறுதிப்பந்து செய்தியாகவே எட்டியிருக்கும்.

ஆகவே ‘உழைப்போரின் மாலை’ என இங்கிலாந்து 2003இல் எண்ணிய மாலை, அலுவலகம் மாலை 5 மணிக்கு முடிவுறும் சமுதாயத்தின் மாலை. ஷிப்டு முறையில் வாழும் தொழிலாளர்க்கு மாலை என்பது வாரந்தோறும் இடம் மாறும் ஒரு பொழுது. ஐந்து நாள் ஆட்டத்தினின்று அவர் முற்றிலும் விலக்கப்பட்டிருந்தார். இருபது ஓவர் ஆட்டம் அவர்க்குப் பாதி கதவைத் திறந்தது. அப்பாதியும் பெரிது என்பதை மறுத்தற்கில்லை.

மேலும் ஒன்று. ஓவரைக் குறைத்து ஆடுதல் நம்மூர்க்குப் புதிதன்று. கோடையில் நீர் வற்றிய ஏரிப்படுகையிலும், அறுவடை முடிந்த வயலிலும், ஆலைக் குடியிருப்பின் வெற்றிடத்திலும் டென்னிசுப் பந்துகொண்டு ஆறு, எட்டு, பத்து ஓவர் ஆட்டங்கள் ஆடப்பட்டு வருதலை யாவரும் அறிவர். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் பல அணிகள் ஆடி முடித்தல் வேண்டும் என்னும் தேவையே அங்கு ஓவரை வரையறுத்தது. இங்கிலாந்து வாரியம் ஆய்ந்து கண்ட உண்மையை நம் சிற்றூர் இளைஞர் தேவையாற் கண்டனர்.

கோப்பையும் கிண்ணமும்

இவ்வட்டாரத்திற்கு மொழிவழிச் சிறப்பொன்றும் உண்டு. கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் உள்ளது. தமிழகத்து நாளிதழ்கள் ‘உலகக் கோப்பை’ என எழுதுவதனை இலங்கைத் தமிழ் நாளிதழ்கள் ‘உலகக் கிண்ணம்’ என எழுதும். இங்கு ‘மட்டை’ அல்லது ‘பேட்டிங்’ எனப்படுவது அங்குத் ‘துடுப்பாட்டம்’ எனப்படும்; இங்கு ‘பீல்டிங்’ என வழங்குவது அங்குக் ‘களத்தடுப்பு’ என வழங்கும். ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிப்படுத்திக்கொள்ளுதல் தமிழக வழக்கின் போக்கு. தமிழ் வேரினின்று புதுச்சொல் ஆக்குதல் இலங்கை வழக்கின் போக்கு. ஓர் ஆட்டத்தைக் குறிக்கும் இருவகைத் தமிழ் ஒரே ஊரில் அருகருகே வாழத்தக்க இடம் தமிழகத்தில் அரிது. 2014 ஏப்ரல் 6இல் மீர்ப்பூரில் இந்தியாவும் இலங்கையும் இறுதியாட்டத்தில் மோதியபோது, அதனைக் கோப்பை என்றோரும் கிண்ணம் என்றோரும் பேசிய தமிழ் ஒன்றே. கலைச்சொல் ஆராய்வோர் நூலகத்தில் தேடும் சொற்களை இத்தகைய ஊர்களில் செவிவழியே பெறலாம்.

பெயர் மட்டும் வந்த வரலாறு

பொழுது பாதியேனும் வந்தது. நிலம் வந்ததா என்பதே எஞ்சிய வினா. தமிழ்நாட்டுக் கிரிக்கெட்டுச் சங்கம் 2016இல் தமிழ்நாடு பிரிமியர் லீக் என்னும் இருபது ஓவர்த் தொடரைத் தொடங்கியது. அப்பொழுது சென்னை சூப்பர் கிங்ஸ் அணி ஈராண்டுத் தடையில் இருந்தது. புதிய தொடரின் எட்டு அணிகளும் ஊர்ப்பெயர் தாங்கின: சேப்பாக்கம், தூத்துக்குடி, திண்டுக்கல், காரைக்குடி, கோவை, மதுரை, காஞ்சி, திருவள்ளூர். உலகக் கோப்பையில் நாட்டின் பெயரும் ஐ.பி.எல். தொடரில் பெருநகரின் பெயரும் பெற்ற இடத்தை இங்கு மாவட்ட ஊர்கள் பெற்றன. இத்தொடரில் ஆடிய வாஷிங்டன் சுந்தர், வருண் சக்கரவர்த்தி, சேலம் சின்னப்பம்பட்டியின் தங்கராசு நடராசன் ஆகியோர் பின்னர் இந்திய அணிக்கு ஆடினர். வருண் 2021ஆம் ஆண்டு உலகக் கோப்பையிலும் ஆடினார். ஆகவே ஊரணிக்கும் உலகத் தொடருக்கும் இடையே வழி ஒன்று உண்டாயிற்று.

திருவள்ளூர் வீரன்ஸ் என்னும் அணி 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகள் அப்பெயருடன் ஆடியது. அவ்வாண்டுகளில் ஆட்டங்கள் நடைபெற்ற அரங்குகள் மூன்றே: சென்னைச் சேப்பாக்கம், திண்டுக்கல்லை அடுத்த நத்தம், திருநெல்வேலி. திருவள்ளூரின் பெயர் தாங்கிய அணி திருவள்ளூர் மண்ணில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. 2018இல் அவ்வணியின் பெயர் காஞ்சி வீரன்ஸ் என மாறிற்று. 2021இல் அதன் இடத்தில் நெல்லையின் பெயர் தாங்கிய அணி தோன்றிற்று. இவ்வாறே முதலில் காஞ்சியின் பெயர் கொண்ட அணி திருச்சிக்கும், தூத்துக்குடியின் அணி சேலத்திற்கும், காரைக்குடியின் அணி திருப்பூருக்கும் பெயர் மாற்றிக்கொண்டன. 2025இல் கோப்பை வென்றது அத்திருப்பூர் அணியே.

தமிழ் மரபில் ஊர்ப்பெயர் எளிதிற் பெயர்த்தெடுக்கத்தக்கதன்று. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்னும் பெயரில் ஊரும் தொழிலும் ஆளும் ஒருங்கே நிற்கின்றன. புலவர் ஊரைச் சுமந்தார். ஊரும் புலவரைத் தன்னவர் என்றது. இவ்விருவழிப் பிணைப்பே பெயருக்கு உயிர். அணியின் பெயரில் ஊர் இருந்து, ஊரில் அணி இல்லையாயின் அது அடைமொழியாக மட்டும் நிற்கும். அடைமொழியை மாற்றுதல் எளிது. ஓர் அணி நீங்கியபோது திருவள்ளூரில் பெரிதாக எதுவும் மாறவில்லை. மாறுதற்கு அங்கு முன்பே எதுவும் ஊன்றப்படவில்லை.

இதற்கு மறுப்பாகச் சிலர் கூறக்கூடும்: சேப்பாக்கம் அண்மையில் இருக்கத் திருவள்ளூர்க்குத் தனியரங்கு எதற்கு? தொடருந்தில் ஏறினால் திருவள்ளூரிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் சென்னை சென்றுவிடலாமன்றோ? இக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் இரவு 11.30க்கு ஆட்டம் முடிந்து கும்மிடிப்பூண்டிக்குத் திரும்பிக் காலை 6 மணி ஷிப்டிற்குச் செல்வது எத்துணை அரிது என்பதை எண்ணல் வேண்டும். தலைநகரின் அண்மையே இவ்வட்டாரத்தின் குறையாயிற்று. தொலைவில் உள்ள நெல்லைக்கும் நத்தத்திற்கும் அரங்கு கிடைத்தது, அருகில் உள்ளதற்குக் கிடைக்கவில்லை. இவ்வட்டாரம் விளையாட்டுக் கூட்டத்தைக் கண்டறியாததும் அன்று. கும்மிடிப்பூண்டிச் சாலையில் உள்ள சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் மோட்டார்ப் பந்தயங்கள் பல்லாண்டு நடைபெற்று மக்களை ஈர்த்தன. சேலத்தை அடுத்த வாழப்பாடியில் 2020இல் திறக்கப்பட்ட திடலில் 2022இல் தமிழ்நாடு பிரிமியர் லீக் ஆட்டங்கள் நடந்தமை, முயன்றால் நிலமும் கிட்டும் என்பதைக் காட்டுகின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், இருபது ஓவர் உலகக் கோப்பையின் வரலாறு பத்து நாள் நீண்டும் முடியாத ஆட்டத்தில் தொடங்கி, மூன்றரை மணி நேர ஆட்டத்தில் வந்து நிற்கும் பொழுதின் வரலாறு என்பது விளங்கும். அச்சுருக்கம் உழைக்கும் மக்களைக் கருதியே தோன்றியது. அவர்களைச் செவிவழிக் கேட்போர் நிலையினின்று கண்வழிக் காண்போர் நிலைக்கு உயர்த்தியது. அவ்வளவில் அது போற்றத்தக்கது. ஆயினும் பொழுதுக்கு ஏற்ப ஆட்டத்தை வெட்டியோர் நிலத்துக்கு ஏற்ப அதனைப் பரப்பவில்லை. திருவள்ளூரின் பெயர் ஈராண்டு கடன் வாங்கப்பட்டது. அக்கடன் இன்னும் தீர்க்கப்படவில்லை.

திருவள்ளூரின் பழம்பெயர் திருஎவ்வுள் என்பதாம். முனிவரிடம் வந்த பெருமாள், தாம் தங்குதற்கு உரிய இடம் எவ்வுள் என வினவியமையால் அப்பெயர் எய்திற்று எனத் தலவரலாறு கூறும். அவ்வினாவைக் கேட்டு வந்தவர் அவ்விடத்திலேயே தங்கினார். ஊரும் பெயர் பெற்றது. அதே ஊரின் பெயரோடு வந்த அணி அவ்வினாவைக் கேளாமலே சென்றது. இனி வரும் அணியாயினும் தொடராயினும் அதனைக் கேட்டு வருதல் வேண்டும்.

இத்துறையில் நம் மாணவர் ஆற்றத்தக்க பணியும் உண்டு. உலகத் தொடரின் ஒவ்வொரு பந்தும் பதிவாகியுள்ளது. ஏரிப்படுகை ஆட்டங்களின் சுவரொட்டி, நோட்டுப் புத்தகத்தில் எழுதிய ஓட்டக்கணக்கு, ஒலிபெருக்கி வருணனையாளரின் மொழி ஆகியன ஒவ்வோர் ஆண்டும் அழிகின்றன. திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பகுதிகளில் இவற்றைத் தொகுப்போர் விளையாட்டின் வரலாற்றோடு, ஆலை சூழ்ந்த நிலத்தில் தமிழ் எவ்வாறு பேசப்பட்டது என்பதற்கும் சான்று திரட்டியோராவர்.